ஐந்தாம் பக்கத்து மன்றாட்டு

பதினோரு வருடங்களாக எங்கள் பங்குக் கோயிலின் ஞாயிறு பூசையில் வாசிக்கும் மன்றாட்டு ஜெபங்களை எழுதுவது நான்தான். வாரத்துக்கு ஐந்து. திருத்தந்தைக்கு ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. மிச்சமிருப்பதை மழைக்கோ பரீட்சைக்கோ வைத்துக்கொள்வேன். யார் எழுதுவது என்று ஒருவரும் கேட்டதில்லை. தானாக வானத்திலிருந்து விழுகிறது என்று நினைப்பார்கள் போல. பெயர் போடாமல் எழுதும் வரைக்கும் எழுதுகிற பெண்மேல் எல்லாருக்கும் பிரியம்தான்.

பெயர் போடும் பேச்சு வந்தபோதுதான் வீடு இரண்டுபட்டது. ஒரு பத்திரிகை என் சிறுகதையை எடுத்துக்கொண்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஆசிரியர் ஃபோனில் கூப்பிட்டார். "எந்தப் பேர்ல போடணும்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கம்மா, அச்சுக்குப் போகுது" என்றார். கதையில் ஒரு தாய் பூசைக்குப் போகிறாள், ஜெபிக்க முடியவில்லை. அவ்வளவுதான் கதை. நான் எழுதியதிலேயே பொய் கலக்காதது அது ஒன்றுதான். அதன் கீழே என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தபோதுகூட அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கணவரிடம் சொன்னேன். படிக்கவும் நீட்டினேன்.

"நீயே சுருக்கமா சொல்லேன்" என்றார், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. சொன்னேன். பொத்தான் பாதியில் நின்றது. அவர் பங்குப் பேரவையின் செயலாளர். வருடத்துக்கு நாலு கூட்டம். நாலிலும் நிறைவேறுகிற ஒரே தீர்மானம் அடுத்த கூட்டத்தின் தேதி.

"உன் பேரெல்லாம் வேணாம். ஏதாவது புனைபெயர் வெச்சுக்கோ. நாலு பேர் என்னக் கேக்க மாட்டாங்களா?"

"என்னன்னு கேப்பாங்க?"

"உன் பொண்டாட்டி கோயிலுக்கு வந்து ஜெபிக்கிறதில்லையாமேன்னு."

"கதைங்க அது."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?"

பங்குத்தந்தையிடம் போனால் நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எனக்கு முன்பே கணவர் அங்கே போய்விட்டு வந்திருந்தார்.

"எழுதுங்கம்மா, நல்ல பொழுதுபோக்கு" என்றார் ஃபாதர். "ஆனா நம்ம ஜனங்க பாவம், வெள்ளந்தியானவங்க. ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், விசுவாசமே ஆட்டங்கண்டுடும். 'ஒரு தாய்'னு போட்டுக்கங்களேன், அழகா இருக்கும்."

ஒரு தாய்! பல்பொடி விளம்பரத்தில் சிரிக்கிற பெண்ணுக்குக்கூட ஏதோ ஒரு பெயர் இருக்கும். வாசல்வரை வந்து, "இந்த வார மன்றாட்ட மறந்துடாதீங்க" என்று நினைவூட்டி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குட்டியின் ஒரு ஷூவைக் காணவில்லை. நடுப்பிள்ளை சட்டையில் பற்பசை. வாசலில் கணவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். ஷூவுக்குக் காது இருந்தால் அதுவே ஓடி வந்திருக்கும். மேசைமேல், நான் எழுதுவதையெல்லாம் போட்டுவைக்கும் கோப்பிலிருந்து மேலே கிடந்த தாளை உருவிக்கொண்டு ஓடினேன். கோயிலில் மன்றாட்டு வாசிப்பவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. குரலை வைத்து முதுகுக்குப் பின்னால் அவரை 'வெண்கலம்' என்போம். தாளை அவர் கையில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 'இறைவா உம்மை மன்றாடுகிறோம்' என்கிற கடைசி வரியை நான் எழுதுவதில்லை. பத்தி முடிந்ததும் வெண்கலமே போட்டுக்கொள்வார்.

எல்லாரும் எழுந்து நின்றோம்.

"அவள் முழந்தாளில் இருந்தாள். மனம் வீட்டுக் குழாயடியில் இருந்தது. வாஷர் தேய்ந்த குழாய்" என்று முழங்கினார் வெண்கலம். "இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். நானும்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் கதையின் ஐந்தாம் பக்கம் என்று உறைத்தது.

"பிரசங்கம் நீண்டது. ஒன்றுமில்லாததை மூன்று விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியும். இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

ஃபாதர் கண்களை மூடி, கைகூப்பி, மைக்கிலேயே சொன்னார்: "கேட்டருளும்."

"அவள் எழுதுவது கணவனுக்குத் தெரியும். ஒரு வரி படித்ததில்லை. இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

எங்கள் வரிசையிலேயே உரக்கச் சொன்னவர் என் கணவர். நெஞ்சில் கை வேறு.

நாலாவதும் போயிற்று. ஐந்தாவது வந்தது. "ஜெபம் வரவில்லை. வருடக்கணக்காக வரவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு ஆள் இல்லை." இருநூறு பேர் எனக்காக ஆண்டவரைக் கெஞ்சினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தையில் ஆட்டங்காணப்போகிற ஜனங்களாம்! செவிடன் காதில் சங்கு ஊதியிருந்தால், அவனாவது ஊதுகிறவனின் கன்னத்தைப் பார்த்திருப்பான்.

வாய் திறக்காமல் நின்றது ஒரே ஒருத்தி. பெஞ்சின் கோடியில் என் மூத்த மகள், பதினாலு வயது, உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

பூசை முடிந்ததும் பாடகர் குழுவின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னைக்கு மன்றாட்டு உருக்கிடுச்சு ஃபாதர். நீங்க எழுதினதா?"

"எல்லாம் தூய ஆவியானவர் துணை" என்றார் ஃபாதர், அடக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் மகள் அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். வாசிப்பு மேடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"அம்மா, குழாய் வரிக்கு அடுத்து, 'குழாயாவது விடாமல் சொட்டுகிறது'ன்னு இருந்துச்சே. அத ஏன் அடிச்ச? அதுதான் நல்லா இருந்துச்சு."

"நீ எப்படிப் படிச்ச?"

"எல்லாத்தையும்தான் படிப்பேன். மூணு வருஷமா."

அழுதுவிட்டேன். வெங்காயம்கூட நறுக்காத நேரம், சாக்குச் சொல்ல வழியில்லை.

திங்கட்கிழமை காலை கணவர் கிளம்பும்போது கேட்டார். "என்ன பேர் வெச்ச?"

"என் பேர்தான்."

"நாலு பேர் கேட்டா?"

"நேத்து இருநூறு பேர் கேட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நீங்கதான் பெருசா கேட்டருளும், கேட்டருளும்னீங்க."

அவருக்கு விளங்கவில்லை. மகள் ஐந்தாம் பக்கத்தை அவர் கையில் வைத்தாள். கல்யாணமாகி முதல்முறையாக அவர் என் எழுத்தைப் படித்தார், நின்றபடியே, உதடு அசைய. மூன்றாவது பத்தியில் உதடு நின்றது.

"இதையா நேத்து..." என்றார்.

நான் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டேன். நான் அடித்திருந்த 'குழாயாவது' வரியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன் ஆசிரியரிடம். பிறகு, அவர் காதிலும் விழட்டும் என்று, என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.