மறுப்பு இதழை மடித்தவள்

வினோதா இறந்த மறுமாதமும் ‘மறுப்பு’ இதழை அவள்தான் மடித்தாள். வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் கீழ் லயத்தில் இதைப் பற்றி இரண்டு கருத்து இல்லை. ஞாயிறு காலை, கதவு திறந்திருக்க, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தாள்களை ஒவ்வொன்றாக மடித்து, கரண்டிக் காம்பால் நீவி, அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். பீலிக் குழாயில் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காதவன் அவள் புருஷன் அழகன் மட்டும். அவன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து முகவரி எழுதிக்கொண்டிருந்தான்.

‘மறுப்பு’ ஒரு நாத்திக மாத இதழ். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான அழகன் 1989இல் அதைத் தொடங்கினான். ஹட்டனில் அச்சாகும் தாள்களை பஸ்ஸில் கொண்டுவந்து, கணவனும் மனைவியுமாக வீட்டில் மடிப்பார்கள். பேயோட்டுவது, குறி சொல்வது, சாமி வருவது என்று எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து அவன் எழுதினான். ஆசிரியர் தன் கண்ணால் காணாத எதுவும் அச்சேறாது என்பது இதழின் விதி. அதில் ஒரு தொடரும் வந்தது. சோவியத் நாட்டில் அரசின் ஆதரவோடு நடந்த ஒரு நாத்திகப் பத்திரிகையின் வரலாறு அது. கம்யூனிஸ்ட் கட்சிப் புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதினான். தொடர் தொடங்கிய சில மாதங்களில் அந்த நாடே கலைந்துவிட்டதாக வானொலி சொன்னது. “நாடு போனா போகட்டுங்க, நீங்க பத்திரிக கதைய முடிங்க” என்றாள் வினோதா. புத்தகத்திலிருந்த கேலிப்படங்கள் அவளுக்குப் பிடிக்கும். தொப்பை வைத்த பாதிரியார் ஒருவரைக் காட்டி, இது நம்ம மாரியம்மன் கோயில் பூசாரிதான் என்று சிரிப்பாள். 1996 ஐப்பசியில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லொறியிலேயே இறந்தாள். தொடர் அப்போது அந்தப் பத்திரிகை லட்சக்கணக்கில் விற்ற காலத்தில் நின்றிருந்தது.

மடிப்பு விஷயத்தை அழகன் மற்ற அதிசயங்களைப் போலவே சோதித்தான். கதவைப் பூட்டினான். தாள்களில் பென்சிலால் குறியிட்டான். தன் கைகளைக் கட்டிப்போடச் சொன்னான். அவன் இமைக்கும்போதெல்லாம் ஒரு தாள் மடிந்திருந்தது. மடித்தவளைக் காணாததால் இதை எழுத இதழின் விதி இடம் தரவில்லை. நம்பாதவன் கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். நம்பவும் முயன்று பார்த்தான். அப்போதும் தெரியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு வீரம்மாவைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்தான்.

“எங்க இருக்கா?”

“ஒங்க எடது கைப்பக்கம், வாத்தியாரே. தள்ளிக்கங்க, முந்தானைய மிதிக்கிறீங்க.”

“என்ன சீல?”

“நீலந்தான். வேற என்னா இருக்கு? உசுரோட இருக்கையில ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தா மாத்திக் கட்டுமில்ல.”

அழகன் காலை மடக்கிக்கொண்டான். பிறகு, “என்னப் பாக்குறாளா?” என்றான்.

“வேல கெடக்கையில எங்க பாக்குறது? கடைசித் தாள மடிச்சிட்டுத்தான் நிமிரும். ஒரு நிமிசம் ஒங்களையே பாக்கும். அப்புறம் எந்திரிச்சுப் போயிரும்.”

தாள் தீராதவரை அவள் போகமாட்டாள் என்று அழகன் புரிந்துகொண்டான். எட்டுப் பக்க இதழ் பதினாறானது. அடுத்த வருடம் முப்பத்திரண்டு, அதற்கடுத்து அறுபத்துநான்கு. பக்கங்களை நிரப்பத் தொடர் நீண்டது. மொஸ்கோ அலுவலகத்தின் ஜன்னல்கள், படம் வரைந்தவர்களின் சண்டைகள், பத்திரிகைக் கட்டுகள் ஏறிப்போன ரயில்கள் எல்லாம் வந்தன. “சாமி இல்லன்னு சொல்ல இம்புட்டுப் பக்கம் வேணுமா வாத்தியாரே?” என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு சந்தாதாரர்கள் சேர்ந்து, இதழின் தடிமனைக் கண்டு விலகினார்கள். கடைசி அத்தியாயம் மட்டும் எழுதப்படவில்லை. அதில் என்ன வரும் என்று அழகனுக்குத் தெரியும். 1941இல் போர் வந்தது. பத்திரிகை நின்றது. காகிதம் இல்லை என்றார்கள். ஆனால் பூட்டியிருந்த கோயில்களை அந்த அரசே மெல்லத் திறந்துவிட்டது, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் போய் அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை எழுதினால் தொடர் முடியும். முடிந்தால் மடிக்க என்ன இருக்கும்?

2003 தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வீரம்மா வாசலிலிருந்து எழுந்துகொண்டாள். “இனிமே என்னக் கூப்புடாதீங்க. அதுக்குக் கை காச்சுப் போச்சு. இருட்டுற வரைக்கும் மடிக்குது, தாளு முடிய மாட்டேங்குது, அப்புடியே போயிருது. மூணு வருசமா அது ஒங்கள நிமிந்தே பாக்கல. செத்த பொறகும் வேலைக்கு நிக்கணுமா? தொரைமாருகூட ஞாயித்துக்கெழம லீவு குடுத்தானுங்க.”

மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தது. சிவன் மன்மதனை எரிப்பார். ரதி அழுது மன்றாடுவாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி புருஷனைத் திருப்பித் தருவார். வருடாவருடம் ரதி வேடம் கட்டுகிறவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பழனியாண்டி. அவர் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது அழகன் போய் நின்றான்.

“அந்த வரத்த எனக்கும் சேத்துக் கேக்கணும்.”

“இது பொய்யின்னு நீங்கதானே எழுதுனீங்க?”

“எழுதினேன். இப்பவும் பொய்தான். கேளுங்க.”

பழனியாண்டி மீசையில்லாத உதட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். “நல்ல ஆளுய்யா நீரு” என்றார்.

விடியும்போது காமன் எரிந்தான். ரதி புரண்டு அழுதாள். வரம் கேட்கும் இடத்தில், பாட்டில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்து, கீழ் லயத்து வாத்தியாருக்கும் அவர் பெண்சாதியை அவர் கண்ணுக்கு மட்டும் காட்ட வேண்டும் என்றாள். சிவன் வேடம் கட்டியவருக்கு இதற்கான பதில் பாடமில்லை. கொஞ்சம் விழித்துவிட்டு, ஆகட்டும் என்றார்.

அந்த வாரம் அழகன் கடைசி அத்தியாயத்தை எழுதினான். இதழ் ஒரே தாளாக வந்தது. ஞாயிறு காலை தண்ணீர் எடுக்கப் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாத்தியாரைத் தவிர யாரும் இல்லை. “இன்னைக்கி வரலியா?” என்று வீரம்மா கேட்டாள். அழகன் காதில் அது விழவில்லை. இவ்வளவு காலம் வீரம்மா சொன்னது தவறு. சீலை நீலம் இல்லை, பச்சை. நெற்றியோரம் முடி முன்புபோலவே அடங்காமல் கிடந்தது. பத்து மணிக்குள் கட்டு முடிந்துவிட்டது. வினோதா கரண்டியைக் கீழே வைத்து நிமிர்ந்தாள்.

“அடுத்த மாசம் இருக்கா?” என்று கேட்டாள்.

நிறுத்திவிடுவதாக அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தவன், “இருக்கு” என்றான்.

“ஒத்தத் தாளுதானே?”

“ஒத்தத் தாளுதான்.”

அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

‘மறுப்பு’ இப்போதும் மாதாமாதம் வருகிறது. கடவுள் இல்லை, பேய் இல்லை, இறந்தவர்கள் திரும்புவதில்லை என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. மடிப்பு நேர்த்தியாக இருக்கிறது.