மூன்றாம் வரையில் ஈயம்

...அப்படியானால் அந்த ஈயம் கடலுடையதா, தன்னுடையதா, ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்து, கைக்குட்டையில் சுற்றிய சிப்பியை மடியில் பற்றியபடி நாகலக்ஷ்மி தன்னையே கேட்டுக்கொண்டாள், அவனியாபுரத்துப் பட்டறைகளின் இரும்போசை பின்னே தேய்ந்துகொண்டிருந்தது. எட்டாண்டுகள் மன்னார் வளைகுடா மணலுக்குள் கிடந்து, ஆண்டுக்கொரு வளர்ச்சிக் கோடாக, வரை வரையாகத் தன் ஓட்டைத் தானே கட்டிக்கொண்ட மட்டி, பருகிய நீரில் கரைந்திருந்ததில் அணுவளவு எடுத்து அந்தந்த ஆண்டின் வரைக்குள் பதித்து வைத்த உயிர், நீர் வெம்மையுற்ற ஆண்டு இவ்வளவு, ஆறு பெருகிக் கலந்த ஆண்டு இவ்வளவு என்று, எழுத்தாணியின்றி, கேட்பாரின்றி, யாருக்காக எழுதியது அது? அதன் இடப்பக்கச் சிப்பியோட்டை அவள் ஒவ்வொரு வரையாகத் துளைத்துப் பொடியெடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினாள், மூன்றாம் வரையில் மட்டும் ஈயம் குத்துக்கல்லாய் எழுந்து நின்றது. பெருவெள்ளம் வந்த ஆண்டு அது, வெள்ளம் ஊர்க்கழிவை வாரிக் கடலில் சேர்த்ததன் தடயம் இது என்று ஆய்வு வழிகாட்டி ஸ்ரீகுமார் நெகிழ்ந்துபோனார், வருகிற வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அவள்தான் கட்டுரை வாசிக்கிறாள், நான்காண்டு உழைப்பு முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியின்மேல் நிற்கிறது... நிற்கிறதா?

அந்த ஓட்டைத் துளைக்குமுன் வந்த சரஸ்வதி பூஜையன்று ஆய்வுக்கூடத்தில் சந்தனம் குழைத்தவள் அவளே, தான் நாளும் நெற்றியில் இடுகிற குங்கும டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுபோனவளும் அவளே. தராசு, நுண்ணோக்கி, துளைக்கருவி என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துவந்த உதவியாளர் சோணை சிப்பித் தட்டின்முன் தயங்கி, "இதுக்கும் வைக்கவா மேடம்?" என்றார். "வைங்கண்ணே, அதுவும் ஏடுதானே" என்றாள். எவ்வளவு நிறைவோடு சொன்னாள். வைகை வெள்ளத்தில் இட்ட ஏடு நீரை எதிர்த்து ஏறி ஏடகத்தில் கரைசேர்ந்ததை அப்பா பதிகம் ஓதி முடித்துச் சொல்லும்போதெல்லாம் மெய்சிலிர்த்தவள் அல்லவா, இதுவும் வெள்ளத்தைக் கடந்துவந்த ஏடு என்று அன்று உள்ளம் உருகியது பொய்யில்லையே. பூஜையில் வைத்த ஏட்டை விஜயதசமி வரை தொடலாகாது, ஆகவே ஈரக் குங்குமம் ஓரிரவு முழுதும் ஓட்டின்மேல் இருந்தது, மறுநாள் கழுவினாள், தூரிகையால் தேய்த்தாள், ஆனால் மூன்றாம் வரையருகே மயிரிழைபோல ஒரு வெடிப்பு... கடைக் குங்குமத்தில் ஈயச் செந்தூரம் கலக்கிறார்கள் என்று சென்ற மாதம் எங்கோ படித்தபோதுதான் நெஞ்சில் முள் தைத்தது. டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பெயரின்றி எண் மட்டும் இட்டு அனுப்பினாள். இன்று காலை முடிவு வந்தது, நிறைய ஈயம். கலைமகளுக்கென்று இட்ட திலகத்தைக் குற்றம் என்று சொல்ல நாவெழுமா, எழாவிட்டால் வெள்ளிக்கிழமை அதே நாவால் எதை வாசிப்பது?

வலப்பக்க ஓடு இருக்கிறதே என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஒரே உயிரின் இரு கதவுகள், ஒரே நீரைப் பருகியவை, வெள்ளம் எழுதியது உண்மையென்றால் இரண்டிலும் எழுதியிருக்கும், தான் எழுதியது என்றால் ஒன்றில் மட்டும். பூஜைக்கு முன்பே, வேண்டாமென்று ஒதுக்கிய அதைச் சோணை கேட்டு வாங்கிப் போயிருந்தார். அவனியாபுரத்தில் அவர் வீட்டுக் குழாயடியில் அது சோப்புக் கிண்ணமாகக் கிடந்தது. அவர் மனைவி அதைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தபடி, "இம்புட்டு வெயில்ல இதுக்கா வந்தீக? சொல்லியிருந்தா சோப்போட சேத்தே குடுத்து விட்டிருப்பம்ல" என்று சிரித்தாள். நாகலக்ஷ்மி வந்த காரணத்தைச் சொன்னபோது சோணை சிரிக்கவில்லை. அவர் சொன்னார்: "வச்சது நாந்தான மேடம். யாரும் கேட்டா சோணை தெரியாம வச்சுப்புட்டான்னு சொல்லிருங்க. ரிட்டையராக எட்டு மாசந்தேன் கெடக்கு, என்னைய என்ன செஞ்சுருவாக?" அவள் உடனே மறுத்திருக்க வேண்டும். மறுத்தாள்தான், ஆனால் உடனே அல்ல, ஒரு மூச்சு தாமதித்தாள், அந்த ஒரு மூச்சில் தான் என்ன எண்ணினாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா... தெரிந்திருக்கும், அதனால்தான் வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

இருக்கட்டும், இதோ கையில் இருக்கிறது, இதைத் துளைத்தால் தெரிந்துவிடும். மூன்றாம் வரையில் ஈயம் இருக்குமா? இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கிய மனத்தைப் பாதியில் நிறுத்தினாள். எது இருந்தாலும் அறிய வேண்டும் என்கிற பசி ஒன்று, ஓதத் தொடங்கிய பாட்டின் இறுதி அடிக்குக் காத்திருப்பதுபோன்ற பசி, அச்சத்துக்கும் அடியில் விழித்துக்கொண்டிருந்தது, அதுவே வழிபாடு இல்லையா? ஆட்டோ வில்லாபுரம் வளைவில் நெரிசலில் நின்றது, காற்றும் நின்றது, வியர்வை புருவத்தில் இறங்க, அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள், கை மீண்டும் மடிக்கு இறங்குமுன் அதைப் பார்த்தாள். சுட்டுவிரலின் பின்புறம் சிவந்திருந்தது. அதே டப்பாவின் குங்குமம். பொடி பறக்காதிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எப்போதும் துளைப்பாள், எத்தனை பகல்கள், கையுறையோடுதான், ஆனால் கையுறையோடேதான் நெற்றியையும் துடைத்திருக்கிறாள்... மூன்றாம் வரையைத் துளைத்தது காலையிலா, உச்சிப்போதிலா? சிப்பியில் வைத்த பொட்டு மட்டும்தான் காரணம் என்று எப்படி நினைத்தாள்? அப்படியானால் இந்த ஓட்டைத் தன் கை துளைக்கலாகாது, வேறொரு கை வேண்டும், அதை ஸ்ரீகுமாரிடம்தான் கேட்க வேண்டும், ஏன் என்று அவர் கேட்பார். ஆட்டோ மீண்டும் நகர்ந்தது. சிவந்த விரலை மடக்காமல், கைக்குட்டையில் படாமல், சேலையிலும் துடைக்காமல், வெளியே காற்றில் நீட்டியபடியே அமர்ந்திருந்தாள்.