முற்றத்தில் ஒரு இம்ப்ளூவியம்

புதுச்சேரியில் லத்தீன் வாத்தியாராக இருந்த லூயிஸ், தன் வீட்டு முற்றத்தைத் தோண்டிக் கருங்கல் பாவி, நடுவே ஆழமில்லாத ஒரு சதுரத் தொட்டி கட்டினார். பழைய ரோமாபுரி வீடுகளில் கூரை மழைநீர் வந்து விழும் தொட்டிக்கு இம்ப்ளூவியம் என்று பெயர். பள்ளிகளைப் பார்வையிட வரும் பிரெஞ்சுத் துரைக்கு ரோமாபுரி என்றால் உயிர். அவரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்துக் காட்ட வேண்டும்.

ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பியது. கரையெல்லாம் பாசி.

"வழுக்குதுங்க, சுரண்டிடட்டா?" என்றாள் மனைவி ஆனந்தமேரி. அவளுக்கு ஆறாம் மாதம்.

"தொடாத. பாசி இருந்தாத்தான் பழசு மாதிரி இருக்கும்."

துரை வந்தார். "இம்ப்ளூவியம்!" என்று கைதட்டினார். லூயிசுக்கு முகமெல்லாம் பல். காப்பித் தட்டோடு வந்த ஆனந்தமேரி கரையில் கால் வைத்தாள். வழுக்கி, வயிறு கல்லில் மோத விழுந்தாள். துரை பதறி எழுந்தார்.

"ஒன்றுமில்லை, முசியே, உட்காருங்கள்" என்றார் லூயிஸ் பிரெஞ்சில். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில், "எழுந்து உள்ள போ."

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். துரை புறப்படும்வரை அறைக்குள் சேலைத் தலைப்பைக் கடித்தபடி கிடந்தாள்.

விடிவதற்குள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண். ஞானஸ்நானம் பெறாததால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் சாமியார். ஆனந்தமேரியின் அப்பா அருளானந்தம் அதைத் துணியில் சுற்றி, ரெட்டியார்பாளையத்தில் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். மகளையும் அங்கேயே கூட்டிப்போனார்.

தை பிறந்ததும் லூயிஸ் அழைக்க வந்தார். வாசலில் நின்றபடியே, "துரை சிபாரிசு பண்ணிட்டாரு. எனக்கு வேல ஒசந்துடுச்சி" என்றார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குப் போவ இஷ்டமில்லப்பா" என்றாள் அவள்.

"கோயில்ல கட்டுன தாலிம்மா. நான் இன்னா செய்ய?" என்று அழுதார் அருளானந்தம். போனாள்.

மறுநாள் லூயிஸ் பள்ளிக்குப் போனதும் கொத்தனார் பக்கிரியை வரச்சொல்லி, வண்டியில் மண்ணடித்துத் தொட்டியைத் தூர்த்தாள். சாயங்காலம் வந்தவர் திகைத்து நின்றார்.

"துரை மறுபடி வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"புள்ளய மூடுன மாதிரி இதயும் மூடிட்டோம்னு சொல்லுங்க" என்றாள். "பிரெஞ்சுல சொல்லுங்க. அவருக்காவது உறைக்கட்டும்."

லூயிஸ் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் சோறு போடப் போனாள்.