பத்து விழுக்காட்டு முழங்கால்

நாட்டுக்காக ஒரு வீரன் இழந்ததை நிறுத்துப் பார்க்கக்கூடிய தராசு இந்த மண்ணுலகில் இல்லை. எங்கள் அரசாங்கத்திடம் இருக்கிறது. பத்துப் பத்தாக ஏறும். மெர்ல் ஹேவர்காம்ப்புக்கு நூறு விழுக்காடு ஊனம் என்றது. ஆர்லின் ஃபெக்லிக்குப் பத்து.

இருவரும் அயோவாவின் இந்தச் சோளக்காட்டிலிருந்து ஒரே கோடையில் ராணுவத்துக்குப் போனவர்கள். மெர்ல் வியட்நாமில் லாரி ஓட்டினார். ஆர்லினை ஜெர்மனியில் ரொட்டி சுடப் போட்டார்கள். மாவு மூட்டையோடு படியில் உருண்டதில் வலது முழங்கால் கெட்டது. மெர்லுக்கோ வியட்நாம் காட்டை அழிக்க ராணுவம் தெளித்த நச்சு மருந்தால் சர்க்கரையும் இதய நோயும் வந்தன. அந்த மருந்தின் மேலேயே ஆர்லினுக்குப் பொறாமை.

"ரெண்டு வாரம் என்னையும் அங்க அனுப்பியிருந்தா எனக்கும் இதயம் கெட்டிருக்கும்" என்பார், நான் பீர் ஊற்றிக் கொடுக்கும் படைவீரர் மன்றத்தில்.

அதையும் எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தார். மெர்ல் புதுப் பல் கட்டிக்கொண்டு வந்த வெள்ளிக்கிழமைதான் தாங்கவில்லை.

"எவ்வளவு ஆச்சு?"

"சல்லிக்காசு ஆகலடா. நூறு இருந்தா பல்லு இலவசம்." வறுத்த மீனை மெர்ல் தேவைக்கு மேல் நெடுநேரம் கடித்தார்.

திங்களன்று ஆர்லின், படைவீரர் உதவிகளைக் கவனிக்கும் மாவட்ட அலுவலர் டோனா ஸ்வைகர்ட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் பல்லு வேணும்."

"நூறு ஆனாத்தான் பல்லு, ஆர்லின்."

"அப்ப நூறு ஆக்கு."

"முழங்காலோட சேர்த்து காலையே எடுத்தாலும் அறுபதுதான் தருவாங்க."

ஆர்லின் காலைக் குனிந்து பார்த்தார். ஒரு கணம் யோசித்தது போலத்தான் இருந்தது.

"முப்பதுக்கு முயற்சி பண்ணலாம்" என்றாள் டோனா. "முப்பது வந்தா எந்த வைத்தியத்துக்குப் போனாலும் பெட்ரோல் காசு கிடைக்கும். ஆனா மறுபரிசோதனைன்னா இருக்கிற பத்தைக் குறைக்கவும் செய்யலாம், தெரிஞ்சுக்கோங்க. காலை மடக்கச் சொன்னா வலிக்கிற இடத்துல நிறுத்திடுங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லித் தொலைக்காதீங்க. நம்ம ஊர்க்காரங்க ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதும் அதையேதான் சொல்றாங்க."

பரிசோதனை நாளில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர் மெர்ல். பெட்ரோல் காசு கிடைக்காதவர் கிடைக்கிறவரின் வண்டியில் போவதுதானே நியாயம். வழியெல்லாம் அவர் பல் தெரியச் சிரித்தார்.

"குந்துன்னு சொல்வாங்க. என் பரிசோதனையில நான் பாதிகூடப் போகல. அப்படியே நின்னுட்டேன்" என்றார்.

உள்ளே இளம் பெண் மருத்துவர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க, மிஸ்டர் ஃபெக்லி?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டதை ஆர்லின் விழுங்கினார். தேவாலயத்தில் கெட்ட வார்த்தை சொல்பவரைப் போலத் தணிந்த குரலில், "மோசம்" என்றார். டோனா கேட்டிருந்தால் பூரித்திருப்பாள்.

"எவ்வளவு முடியுதோ அவ்வளவு குந்துங்க. அவசரமில்ல. உங்க வயசுல பெரும்பாலானவங்க பாதியோட நிறுத்திடுவாங்க."

பாதி. மெர்ல் அந்தப் பாதிகூடப் போகாதவர். வாழ்நாளில் ஒரு விஷயத்திலாவது அவரை முந்துவதற்கு வாய்ப்பு வந்திருக்கிறது.

ஆர்லின் தரைவரை குந்தினார். மேசையைத் தொடாமல் எழுந்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. முகத்தில் பதக்கம் வாங்கிய களை.

"வலிச்சுதா?"

"சேச்சே. இன்னொரு தடவை பண்ணிக் காட்டவா?"

பண்ணியும் காட்டினார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது முழங்கால் மடங்க மறுத்தது. மெர்ல் பின்னாலிருந்து இரு கையாலும் தள்ளித்தான் இருக்கையில் ஏற்ற வேண்டியிருந்தது.

"திரும்பிப் போயி இதை அந்தப் பொண்ணுகிட்ட காட்டுடா, மடையா."

"எதை? நல்லாத்தான் இருக்கேன். நீ வண்டிய எடு."

"எத்தனை தூரம் குந்தினே?"

"முழுசா" என்றார் ஆர்லின். "ரெண்டு தடவை."

மெர்ல் வண்டியைக் கிளப்பினார். இந்த முறை சிரிக்கவில்லை. ஆர்லினுக்கு அது இனித்தது.

இலையுதிர்காலத்தில் முடிவு வந்தது. ஆர்லினின் முழங்காலுக்கு இப்போது பூஜ்யம் விழுக்காடு.