கேட்டுக்குக் குறுக்கே

நோயாளியின் வாயில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மேலங்கிப் பையில் போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை பாதி நடந்திருந்தது. டாக்டர் நிமிராமலே, "யாரு, அவ்வளவு அவசரமா?" என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. மகளுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முடிந்த கையோடு நாலு பேர் டாக்டர் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. டாக்டரின் மகனும் அவள் மகளும் ஒரே வகுப்பு.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அம்மா, என்னை வந்து கூட்டிட்டுப் போறியா?" குரல் பாத்ரூமுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. "இப்பவே வா. எதுவும் கேக்காத."

எங்கிருந்து கூப்பிட்டாலும் வருவேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவைத்தது அவள்தான். போன வருஷம், பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்து, முன்பற்கள் நான்கையும் பறிகொடுத்த ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் வாயை இதே நாற்காலியில் கழுவிவிட்ட அன்று சொன்னது. அந்தப் பெண்ணிடம் அடித்த பீர் வாடை இரண்டு நாள் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஓட்டியவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் குழாயைக் கையில் கொடுத்தாள். "நான் போகணும் டாக்டர். வீட்டு விஷயம்." டாக்டர் முகமூடிக்கு மேலே கண்ணால் மட்டும் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவள் பாதி வேலையில் கிளம்புவது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வீட்டு கேட் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டாவது காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டும் இடத்தில் டாக்டரின் மகன்; லைசென்ஸ் வாங்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. பக்கத்தில், நெட்டை என்று பேர் வாங்கிய உயரமான பையன். பின்சீட்டில், எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடிக்காரப் பெண், கழுத்து நிற்காமல். வாசலில் காலி பாட்டில்கள் அட்டைப்பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. யாரும் ஒளித்துவைக்கவில்லை என்பதுதான் அவளை என்னவோ செய்தது.

அவள் காரின் சத்தம் கேட்டு மகள் உள்ளிருந்து ஓடிவந்து ஏறிக்கொண்டாள். "போலாம்மா."

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"சும்மா ஒரு ரவுண்டு ஆன்ட்டி. பத்தே நிமிஷம்." அந்த 'ஆன்ட்டி' நாக்கில் வழுக்கியது.

மகள் கிடைத்துவிட்டாள். திரும்பிப் போய்விடலாம். அவள் பின்னால் எடுத்தாள், ஸ்டியரிங்கை ஒடித்தாள், காரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"என்னம்மா பண்ற? என் மானத்த வாங்காத!"

போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். "தம்பி குடிச்சிருக்கான் டாக்டர். கார எடுக்கப் போறான்."

மறுமுனையில் டிரில்லின் சத்தம் நின்றது. பிறகு, "பீர்தானே? நான்தான் வாங்கி வச்சேன். வெளிய எங்கயோ போய்க் கண்டதையும் குடிக்கறதுக்கு, நம்ம கண்ணு முன்னால குடிக்கட்டுமேன்னு."

"உங்க கண்ணு இங்க இல்லையே டாக்டர்." சொன்னது தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"பெருசு பண்ணாதீங்க. வண்டிய எடுங்க."

"நீங்க வாங்க, எடுக்கறேன்."

"நாளைக்கு நீங்க வேலைக்கு வரணும். அது ஞாபகம் இருக்கட்டும்." போன் துண்டிக்கப்பட்டது.

ஹாரன் விடாமல் அலறியது. அவள் இறங்கி, தன் காருக்கும் டாக்டர் மகனின் காருக்கும் நடுவில் போய் நின்றாள். அவன் எஞ்சினை உறுமவிட்டான். கார் ஒரு முழம் முன்னால் குதித்து நின்றது. மறுபடியும் குதித்தது. பம்பருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவள் நகரவில்லை.

மகள்தான் ஓடிவந்து பின்கதவைத் திறந்தாள். "எறங்குடி! எறங்குடின்றேன்!" என்று சோடாபுட்டியை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தாள். நெட்டை தானாகவே இறங்கி, "விடுடா மச்சான்" என்றான். உள்ளே அவன் மட்டும், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, தேம்பத் தொடங்கினான்.

பதினைந்தாவது நிமிஷம் டாக்டர் வந்தார். முகமூடி தாடையில் தொங்கியது. அவள் காரைச் சுற்றிக்கொண்டு போய் மகனின் ஜன்னலில் குனிந்தார். அவன் என்னவோ சொல்ல வாயைத் திறந்து, ஸ்டியரிங் மேலேயே வாந்தியெடுத்தான். டாக்டர் அவன் நெற்றியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு சாவியை உருவிப் பையில் போட்டார்.

"மத்தவங்களுக்கு டாக்ஸி சொல்றேன்" என்றார் அவளைப் பார்க்காமல். "நாளைக்கு..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது டாக்ஸி அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள்.

"நானும் ரெண்டு குடிச்சேன்மா. முதல்ல நானும்தான் ஏறி உக்காந்தேன். பெல்ட் போடப் பாத்தா கொக்கி மாட்டவே மாட்டேங்குது. கையே என் பேச்சக் கேக்கல. பயமாயிருச்சு. எறங்கி ஓடி பாத்ரூம்ல பூட்டிக்கிட்டேன். நான் வராம போக மாட்டோம்னு கதவத் தட்டிக்கிட்டே இருந்தாங்க."

அவள் சாலையைப் பார்த்தபடியே, இடது கையால் மகளின் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம தெரு போயிருச்சு."

"தெரியும்."

டாக்ஸியின் பின்கண்ணாடியில் சோடாபுட்டியின் தலை இப்படியும் அப்படியுமாகச் சரிந்துகொண்டிருந்தது. நெட்டையின் கை நீண்டு வந்து அதைத் தன் தோளில் சாய்த்தது. சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் இடைவெளியைக் கூட்டாமல், குறைக்காமல், அந்தத் தலையின் பின்னாலேயே போனாள்.