உலர்த்தும் அறை

வனஜா பையின் வாயைச் சூட்டுத் தகட்டில் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பால் விசிறியின் இரைச்சல் நின்றது. அவள் கையும் நின்றது.

நூம்பலில் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில் லாந்தனம் குளோரைடு என்ற வெள்ளைப் பொடியை உலர்த்திக் கட்டி அனுப்பினார்கள். பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலைகளுக்கும், கதிர்வீச்சைக் கண்டறியும் படிகம் செய்கிறவர்களுக்கும் அது போகும். காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சிக் கூழாகிவிடும் என்பதால் வனஜாவின் அறையில் எந்நேரமும் ஏசி ஓடும். அடுத்த அறையில் அவள் புருஷன் பால்ராஜ் உலை பார்த்தான். சூட்டில் பொடியின் ஈரம் பிரியும்போது அமிலப் புகையும் கிளம்பும். அதை வெளியே இழுப்பது அந்த விசிறிதான்.

வனஜா சூப்பர்வைசர் கார்த்திகேசனிடம் ஓடினாள்.

"சார், பேன் நின்னுபோச்சு. அவர வெளிய வரச் சொல்லுங்க சார்."

"எலெக்ட்ரீசியன் வந்துகினே கீறான்மா. இப்ப உலைய அணைச்சா லோடு வீணாப்பூடும். ஏர்போர்ட் வண்டி வர்ற நேரம். நீ போய் பேக்கிங்க முடி."

திரும்பி வந்தாள். பை கையில் வழுக்கியது. சுவர் வழியே பால்ராஜ் இருமுவது கேட்டது. மறுபடி இருமினான். அப்புறம் இருமல் கேட்கவில்லை.

ஓடிப்போய் உலை அறைக் கதவைத் தள்ளினாள். நெடி மூக்கைக் கிழித்தது. பால்ராஜ் சுவரோரம் சுருண்டு கிடந்தான். அக்குளில் கைகொடுத்து, மழை பெய்துகொண்டிருந்த முற்றத்துக்கு இழுத்து வந்தாள். மழைத்தண்ணீர் பிடித்த டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு அவன் கண்ணிலும் முகத்திலும் ஊற்றினாள்.

"யோவ், கண்ணத் தொறய்யா. என்னப் பாருய்யா."

"எரியுதுடி... மூச்சு..."

வண்டி வந்தது. கார்த்திகேசன் ஆட்களை அதட்டிப் பெட்டிகளை ஏற்றினான்.

"சார், போற வழில இவர ஆஸ்பத்திரில எறக்கி உட்ருங்க சார்."

அவன் பால்ராஜை மேலும் கீழும் பார்த்தான். "தொப்பலா நனைஞ்சிகினு கீறான். உள்ள ஏத்துனா சரக்குக்கு ஆவாதும்மா. ஆட்டோ புடிச்சினு போ. செலவ அப்புறம் பாத்துக்கலாம்."

வண்டியின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஏசி உறுமியது.

சாலையோரம் மழையில் பால்ராஜை உட்காரவைத்து, முதுகைத் தன் காலில் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் வேலப்பன்சாவடிப் பக்கம் போகும் ஒவ்வொரு ஷேர் ஆட்டோவுக்கும் வனஜா கை காட்டினாள். எல்லாம் நிறைந்தே வந்தன. கொட்டகையிலிருந்து கிளம்பி வந்த ஏர்போர்ட் வண்டி ஹாரன் அடித்தது. வழிவிட, அவனை இன்னும் சேற்றுக்குள் நகர்த்தினாள்.