இரண்டாவது சாட்சி

...அதுவும் பறவை பார்க்கிற குழுவில் சேர்ந்த நாலே மாதத்தில், புறாவையும் பருந்தையும் ஒரே மூச்சில் "பெரிய பறவை" என்று சொன்னவன் கண்ணிலா அது பட வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பூங்காவில் புதர் புதராகக் குனிந்து முதுகு போனவர் ஒருத்தர் இருக்கும்போது, என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. எரியட்டும். லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கிற அவன் இவருக்குச் சொந்த மச்சினன்தான், மனைவியின் கூடப்பிறந்த தம்பிதான், அதனால் எரியக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ன... வலசை போகிற வழியில் திசை தப்பி வந்த குருவியாம், உடம்பெல்லாம் பழுப்பு, தொண்டை மட்டும் ரத்தச் சிவப்பு, இந்த நகரத்தில் இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை, நேற்றுக் காலை குளக்கரைப் புதரில் பார்த்தானாம், படம் எடுத்தானாம், படத்தில் இலைதான் இருக்கிறது. மனைவி நேற்று சாயங்காலத்திலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை, அக்காவுக்கு, சித்திக்கு, யாரோ ஒன்றுவிட்ட தங்கைக்கு, "எங்க தம்பிதான் முதல்ல பாத்தான், இவரும் இத்தனை வருஷமா போறாரு, என்னத்தப் பாத்தாரு?" அந்தக் கடைசி வார்த்தையை விட்டிருக்கலாம்தானே? ஊருக்கெல்லாம் கண் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிற மனுஷனைப் பார்த்து...

தனி ஆள் பார்த்தது பதிவாகாது, இன்னொரு ஜோடிக் கண்ணும் பார்த்துச் சொல்ல வேண்டும், மறுநாள் பத்து மணிக்குள் யாரும் சொல்லாவிட்டால் பதிவேடு வைத்திருக்கும் பல் டாக்டரம்மா அந்த வரியை அடித்துவிடுவார், இதுதான் குழுவின் வழக்கம். கண்டவனெல்லாம் கண்டதை எழுதக் கூடாதென்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே கண்ணாடிக் கடைக்காரர்தான். மணி ஒன்பது ஐம்பது. மற்றவர்கள் குளக்கரைப் புதரை முறைத்துக்கொண்டு நிற்க, அங்கே மச்சினன் முதுகை ஆளாளுக்குத் தட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இவர் கழிப்பறைக்குப் பின்னால், தோட்டக்காரர் சருகு கொட்டுகிற மூலைக்கு வந்தார், வந்தால்... சருகைக் காலால் தள்ளிவிட்டு, வாலைத் தூக்கி, இந்தப் பக்கம் திரும்பி... அடடா. எட்டடி தூரம். பைனாகுலரே வேண்டாம். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு, மூச்சு விடவே பயமாக இருந்தது, இதற்காகத்தானே இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், மகளின் பள்ளி நாடகத்தைக்கூடப் பார்க்காமல்... கூப்பிடு, கையைத் தூக்கினால் போதும், எல்லோரும் ஓடி வருவார்கள். வந்து? பதிவேட்டில் மேலே மச்சினன் பெயர், கீழே பொடி எழுத்தில் 'உறுதி செய்தவர்' என்று இவர் பெயர். உறுதி செய்தவர்! அவன் பார்த்ததற்கு இவர் ரப்பர் ஸ்டாம்ப்பா?

கை தூக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் குருவி விசுக்கென்று வேலிக்குள் போய்விட்டது, மச்சினன் வந்து நின்றான், முகமெல்லாம் வேர்வை.

"மாமா, இங்க ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமில்லப்பா. சிட்டுக்குருவிதான்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சண்டை போடுவான், சத்தியம் பண்ணுவான், அதற்கு என்ன சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார், ஆனால் அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப நான்தான் தப்பாப் பாத்திருக்கேன் மாமா. உங்க கண்ணுல படலன்னா அது இல்லதான். டாக்டரம்மாகிட்ட அடிச்சிடச் சொல்றேன். அக்காகிட்டயும் நானே சொல்லிக்கிறேன், நீங்க பேச்சு வாங்காதீங்க."

போய்விட்டான், கோபமே இல்லாமல். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒருத்தன் தன் கண்ணையே சந்தேகிக்கிறான், யார் சொல்லுக்காக... வேலியிலிருந்து குருவி மறுபடியும் வெளியே வந்தது, இவரைப் பொருட்படுத்தாமல் சருகைக் கிளறியது, இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது கண்ணெதிரே இருந்தும் இனி அதை இவரும் எங்கேயும் எழுத முடியாது, வீட்டில்கூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் பைகளின் ஜிப்பை இழுத்து மூடுகிறார்கள். இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. இப்போதுதான் வந்தது என்று சொல்லிக் கூப்பிடலாம், பொய்யென்று யாருக்குத் தெரியப்போகிறது, வாயைத் திறந்தேவிட்டார், அப்போதுதான் உறைத்தது, மச்சினன் இந்தப் பொய்யையும் நம்புவான்.